ஏ6400 வைத்திருப்பவர் பாடியை மாற்றலாமா, லென்ஸை மாற்றலாமா?

சோனி 2019 ஜனவரியில் அறிவித்த ஏ6400 கேமரா இன்றைக்கும் நிறையப் பேர் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடமும் அதுதான் இருக்கிறது. 2023-இல் ஏ6700, ஏ7சி 2 என்று இரண்டு கேமராக்கள் அடுத்தடுத்து வந்தபிறகு, மாற்றிவிடலாமா என்ற எண்ணம் இதை வைத்திருக்கும் பலருக்கும் வந்திருக்கும். இரண்டும் சின்ன பாடிகள் (லென்ஸ் இல்லாத கேமராவைத்தான் பாடி என்கிறோம்). இரண்டிலும் பாடிக்குள்ளேயே அதிர்வைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் உண்டு, ஆட்டோஃபோகஸும் புதிது. ஏ6700-இல் இருப்பது ஏ6400 போலவே ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), ஏ7சி 2-இல் ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார். இவை போக மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: பாடியைத் தொடாமல் ஒரு நல்ல லென்ஸை மட்டும் வாங்குவது.

மூன்றையும் எடைபோட்டுப் பார்த்ததில் நான் லென்ஸ் பக்கம்தான் சாய்கிறேன். அதிகம் வீடியோ எடுப்பவர்களுக்கு என் பதில் வேறு. காரணங்களைச் சொல்கிறேன். அதே எண்களைப் பார்த்து நீங்கள் வேறு முடிவுக்கு வரவும் இடமுண்டு.

முதலில் எடை. பேட்டரி, மெமரி கார்டோடு சேர்த்து ஏ6400-இன் எடை 403 கிராம், ஏ6700 493 கிராம், ஏ7சி 2 514 கிராம். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 21 கிராம். அகலத்தில் 2 மி.மீ., உயரத்தில் ஏறக்குறைய அதே அளவு. இதைப் பார்த்தவுடனே, “இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எதற்கு ஏபிஎஸ்-சி? நேராக ஃபுல் ஃபிரேமுக்கே போய்விடலாமே” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாடியை மட்டும் தராசில் வைக்கும்வரை அந்த நினைப்பில் தப்பே இல்லை. ஆனால் பாடியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை.

லென்ஸைப் போட்டுப் பாருங்கள். அன்றாடம் பயன்படுத்த ஒரு எஃப் 2.8 ஜூம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது). ஏபிஎஸ்-சி-க்கு சிக்மா 18-50 இருக்கிறது, 290 கிராம் (18-50 என்பது மி.மீ.-இல் ஃபோக்கல் லென்த்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருக்கமாகத் தெரியும்). ஃபுல் ஃபிரேமில் அதே வேலைக்கு டாம்ரான் 28-75 எடுத்தால் 540 கிராம், சோனியின் 24-70 ஜிமாஸ்டர் 2 எடுத்தால் 695 கிராம். ஏ6700-உம் சிக்மாவும் சேர்ந்து 783 கிராம். ஏ7சி 2-உம் டாம்ரானும் சேர்ந்து 1054 கிராம். 21 கிராமாக இருந்த வித்தியாசம் 271 கிராம் ஆகிவிட்டது. இப்போது கையில் இருக்கும் ஏ6400-இலேயே அந்த சிக்மாவைப் போட்டால் 693 கிராம்தான்.

இது நியாயமான ஒப்பீடு இல்லை என்று ஃபுல் ஃபிரேம்காரர்கள் சொல்வார்கள். சரிதான். சென்சார் பெரிதாக இருப்பதால் அதே எஃப் எண்ணில் அவர்களுக்கு அதிக வெளிச்சம் கிடைக்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 860 சதுர மி.மீ., சோனியின் ஏபிஎஸ்-சி சென்சாருடையது 366. அதாவது 2.3 மடங்கு, ஸ்டாப் கணக்கில் 1.2 (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). எனவே ஏபிஎஸ்-சி-யில் எஃப் 2.8 என்பது ஃபுல் ஃபிரேமில் எஃப் 4.2-க்குச் சமம். அப்படியானால் சிக்மா 18-50-க்கு நேர் எதிரே வைக்க வேண்டியது ஒரு எஃப் 4 ஜூம். சோனி 20-70 எஃப் 4 இருக்கிறது, 488 கிராம். ஏ7சி 2-உடன் சேர்த்தால் 1002 கிராம். இதில் இன்னும் அகலமான கோணம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே அளவு வெளிச்சத்துக்காக 200 கிராமுக்கு மேல் கூடுதலாகத் தூக்குகிறோம்.

ஃபுல் ஃபிரேமைச் சின்னதாகவே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு சோனி 40 மி.மீ. எஃப் 2.5 ஜி மாதிரியான குட்டி லென்ஸ்கள் இருக்கின்றன. 173 கிராம்தான், மிக அழகாகச் செய்யப்பட்ட லென்ஸ். ஏ7சி 2-இல் மாட்டினால் மொத்தம் 687 கிராம். இதன் எதிரே ஏ6400-இல் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை மாட்டுங்கள். அந்த லென்ஸ் 265 கிராம், மொத்தம் 668 கிராம். பார்வைக் கோணம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் ஏபிஎஸ்-சி-யில் 30 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமின் 45 மி.மீ. எஃப் 1.4 இங்கே எஃப் 2.1-க்குச் சமம். ஒரே ஷட்டர் வேகத்தில், ஒரே காட்சியில், ஏழெட்டு வருடப் பழைய ஜோடி புதிய ஃபுல் ஃபிரேம் ஜோடியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக வெளிச்சத்தை வாங்குகிறது. எடையும் கொஞ்சம் குறைவு. பின்புலம் மங்குவதிலும் இதே கணக்குதான்.

ஃபுல் ஃபிரேமில் எஃப் 1.8 லென்ஸ் போட்டால் இந்தக் கணக்கு திரும்பிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். சோனி 35 எஃப் 1.8 லென்ஸ் 280 கிராம். ஏ7சி 2-உடன் 794 கிராம், ஏபிஎஸ்-சி எஃப் 1.4-ஐவிட அரை ஸ்டாப் முன்னால் நிற்கும். அந்த அரை ஸ்டாப்புக்காக மொத்த அமைப்பையும் மாற்றுவதா என்பதுதான் கேள்வி.

இப்போது கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸோடு மட்டும் இருப்பவர்களின் நிலையைப் பார்ப்போம். ஏ6400-உடன் பலருக்கு வந்தது 16-50 பவர் ஜூம். 116 கிராமுக்கு அது செய்யும் வேலை பெரியதுதான். ஆனால் 50 மி.மீ. முனையில் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. அந்த இடத்தில் சிக்மா 56 எஃப் 1.4-ஐ வைத்தால் 4 ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400-இல் எடுக்க வேண்டிய படத்தை 400-இல் எடுக்கலாம் (ஐஎஸ்ஓ கூடக் கூடப் படத்தில் புள்ளிகள் கூடும்). சென்சாரைப் பெரிதாக்கினால் கிடைப்பது 1.2 ஸ்டாப், லென்ஸை மாற்றினால் கிடைப்பது 4 ஸ்டாப். இருட்டில் படம் சரியாக வரவில்லை என்பதற்காகப் பாடியை மாற்ற நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். கிட் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய தாவல் எந்தப் புதிய பாடியிலும் இல்லை.

எந்தக் குறைக்காக மாற்றுகிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாக வந்த படங்களைப் பார்க்காதீர்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களைத் திறந்து, ஒவ்வொன்றின் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, ஃபோக்கல் லென்த் என்ன என்று பாருங்கள். படம் கெட்டதற்கான காரணம் பெரும்பாலும் அந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஓடும் குழந்தை மங்கலாக இருக்கிறது, பின்னால் சுவர் கூர்மையாக இருக்கிறது, ஷட்டர் 1/40 நொடி என்றால் அது ஷட்டர் வேகப் பிரச்சினை. ஸ்டெபிலைசேஷன் அதைத் தீர்க்காது. பலர் குழம்புகிற இடம் இது. பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்கிறது, எதிரே நிற்பவரின் அசைவை அல்ல. ஏ6700-க்கு 5 ஸ்டாப், ஏ7சி 2-க்கு 7 ஸ்டாப் என்று சோனி சொல்கிறது. 5 ஸ்டாப் என்றால் 1/30 நொடியில் எடுக்க முடிந்ததைக் கணக்குப்படி ஒரு நொடிவரை கையிலேயே பிடித்து எடுக்கலாம். கட்டடம், கோயில் மண்டபம், இரவுத் தெரு, ஓடும் நீரைப் பட்டுப்போல் காட்டுவது, இவற்றுக்கெல்லாம் ட்ரைபாட் இல்லாமல் இது பெரிய வரம். மனிதர்களை எடுக்க எப்படியும் 1/125-க்கு மேல் போகத்தான் வேண்டியிருக்கும், அங்கே இந்த 5 ஸ்டாப்புக்கு வேலை குறைவு.

படம் முழுக்க ஒரே மாதிரி அதிர்ந்திருந்தால் அது கை நடுக்கம். பாடி ஸ்டெபிலைசேஷன் அங்கே நிஜமாகவே உதவும். ஏ6400-இல் அது இல்லை. ஓஎஸ்எஸ் (லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷன்) என்று எழுதியிருக்கும் லென்ஸ்களில் ஓரளவு கிடைக்கும், மேலே சொன்ன சிக்மா லென்ஸ்களில் கிடைக்காது. லென்ஸ் வழியைத் தேர்ந்தெடுப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டிய உண்மையான விஷயம் இதுதான்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் மூக்கோ காதோ கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிரச்சினை. ஏ6400 இதில் இன்னும் பலவீனமான கேமரா அல்ல. ரியல்-டைம் டிராக்கிங், கண் ஃபோகஸ் இரண்டும் அதில் இருக்கின்றன. விலங்குகளின் கண்ணையும் பிறகு வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) சேர்த்துக்கொடுத்தது. ஃபர்ம்வேரை ஒருமுறைகூடப் புதுப்பிக்காதவர்கள் கேமராவை மாற்றுவதற்கு முன் அதைச் செய்துவிடுவது நல்லது. ஏ6700, ஏ7சி 2 இரண்டிலும் இதற்கென்றே தனிச் செயலி இருக்கிறது. பறவை, பூச்சி, கார், ரயில், விமானம் என்று எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடலாம். முகம் திரும்பியிருந்தாலும் தலை, உடல் அமைப்பை வைத்து ஆளை விடாமல் பிடிக்கும். மரக்கிளைகளுக்கு நடுவில் பறவை எடுப்பவருக்கு இது கேமராவை மாற்றப் போதுமான காரணம்.

அந்தப் பறவைக்காரர் ஃபுல் ஃபிரேம் பக்கம் போகவே தேவையில்லை என்பது என் எண்ணம். சோனி 70-350 ஜி லென்ஸ் 625 கிராம், ஏபிஎஸ்-சி-யில் 525 மி.மீ. வரை போகிற கோணம். ஏ6700-உடன் 1118 கிராம். ஃபுல் ஃபிரேமில் 100-400 ஜிமாஸ்டர் எடுத்தால் லென்ஸ் மட்டுமே 1395 கிராம், தூரமும் குறைவு.

ஒதுக்கிய படங்களெல்லாம் புள்ளி புள்ளியாக, ஐஎஸ்ஓ 12800 என்று காட்டினால் அது வெளிச்சப் பிரச்சினை. லென்ஸ் பற்றிச் சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ஃபைல்) நாய்ஸை, அதாவது அந்தப் புள்ளிகளை, நீக்கும் மென்பொருள்கள் கடந்த சில வருடங்களில் மிகவும் முன்னேறிவிட்டன. டிஎக்ஸ்ஓ-வின் டீப்பிரைம், 2023-இல் அடோபி லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் போன்றவை பழைய கேமரா ஃபைல்களிலும் வேலை செய்கின்றன. ஜேபெக் மட்டுமே எடுப்பவர், புதிய பாடி வாங்குமுன் ராவில் சில படங்களை எடுத்து இவற்றில் ஓட்டிப் பார்க்கலாம். ஏற்கெனவே எடுத்து வைத்த ரா ஃபைல்களும் இதனால் மறுபடி உயிர் பெறுகின்றன.

மெகாபிக்சலுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 24-இலிருந்து 26-க்குப் போவது கண்ணுக்கே தெரியாது. 33 என்றால் அகலத்தில் 17 சதவீதம்தான் கூடுகிறது. 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். அதைவிடப் பெரிதாக அடிக்கடி அச்சிடுபவரும், படத்தைப் பாதியாக வெட்டிப் பயன்படுத்துபவரும் மட்டும் இதைப் பற்றி யோசித்தால் போதும்.

சரி, வீடியோ. இங்கே என் சாய்வு மாறிவிடுகிறது. ஏ6400-இல் 4கே உண்டு, ஆனால் 8 பிட். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். ஏ6700-உம் ஏ7சி 2-உம் 10 பிட் பதிவு செய்கின்றன, 1024 படிகள். மாலை வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பிறகு நிறத்தைத் திருத்தும்போது பட்டை பட்டையாகப் பிரிவது இதனால்தான் குறைகிறது. ஏ6400-இல் கேமராவைச் சட்டென்று திருப்பினால் நிமிர்ந்த கம்பங்கள் சாயும், நடந்துகொண்டே எடுத்தால் படம் துள்ளும், 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் போக முடியாது. ஏ6700 4கே-யில் 60 ஃபிரேம்வரை ஏறக்குறைய முழு அகலத்திலேயே எடுக்கும், 120 ஃபிரேமுக்கு மட்டும் படத்தின் ஓரங்களை நன்றாக வெட்டிக்கொள்ளும். ஏ7சி 2-வோ 60 ஃபிரேமுக்கே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது, அந்த நேரத்தில் அதுவும் ஏபிஎஸ்-சி கேமராதான். வீடியோவுக்கு இரண்டில் ஒன்று என்றால் தயங்காமல் ஏ6700 என்பேன்.

அப்புறம் திரை. ஏ6400-இன் திரை மேல்பக்கம் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். கேமராவின் மேலே உள்ள ஹாட் ஷூவில் ஒரு மைக்கைச் செருகினால் அது திரையை மறைத்துவிடும். தன்னைத் தானே எடுத்துக்கொள்பவர்களுக்கு இது தினசரித் தொந்தரவு. ஏ6700-இல் திரை பக்கவாட்டில் விரிகிறது, மைக்கோடு சேர்த்து ஹெட்ஃபோனும் மாட்டலாம். ஆக, பேசும் வீடியோவோ நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவோ உங்கள் முக்கிய வேலை என்றால் லென்ஸைப் பற்றி யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம், பாடியை மாற்றுங்கள்.

விவரப் பட்டியலில் பெரிதாகத் தெரியாத சில மாற்றங்கள் கையில் எடுத்தால் பெரிதாகத் தெரியும். ஏ6700-இன் முன்பக்கம் ஒரு டயல் வந்திருக்கிறது, ஷட்டரையும் திறப்பையும் இரண்டு விரல்களில் தனித்தனியாக மாற்றலாம். பிடி ஆழமாக இருக்கிறது. கார்டு பேட்டரிக் கதவுக்குள் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கிறது. சார்ஜ் செய்வது யூஎஸ்பி-சி, ஏ6400-இல் இன்னும் பழைய மைக்ரோ யூஎஸ்பி. பேட்டரியும் பெரியது: திரையைப் பார்த்து எடுத்தால் சீப்பா (கேமரா நிறுவனங்களின் சங்கம்) அளவீட்டின்படி ஏ6400 410 படம், ஏ6700 570, ஏ7சி 2 560. ஏ6400-இல் மேலே எழும் குட்டி ஃபிளாஷ் உண்டு, புதிய இரண்டிலும் கிடையாது. வெயிலில் முகத்தின் நிழலை நிரப்ப அதைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இது ஒரு இழப்பு.

ஏ7சி 2-ஐ வேண்டாம் என்று தள்ளுவதாக நினைக்க வேண்டாம். திருமணம், மேடை நிகழ்ச்சி, மங்கிய வெளிச்சத்தில் மனிதர்கள் என்று எடுப்பவர், ஏற்கெனவே இரண்டு மூன்று ஃபுல் ஃபிரேம் லென்ஸ்கள் வைத்திருப்பவர், ஒரு பெரிய பாடிக்குத் துணையாகச் சின்னது தேடுபவர், இவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு குறைவு. 33 மெகாபிக்சல் ஃபைலில் நிழல் பகுதியை எவ்வளவு தூக்கினாலும் தாங்கும். ஆனால் ஏபிஎஸ்-சி லென்ஸ்களை வைத்துக்கொண்டு “பாடியை மட்டும் இப்போது வாங்குகிறேன், லென்ஸ் பிறகு” என்று நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த லென்ஸ்களை மாட்டினால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தி 14 மெகாபிக்சல் படம் தரும். கையில் இருக்கும் ஏ6400 தருவதைவிட அது 10 குறைவு. ஃபுல் ஃபிரேமுக்குப் போவது என்றால் லென்ஸையும் சேர்த்தே போக வேண்டும், செலவையும் அப்படித்தான் கூட்ட வேண்டும். வியூஃபைண்டரிலும் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று கேமராக்களிலும் 23.6 லட்சம் புள்ளிகள்தான்.

வேறு நிறுவனங்களையும் பார்த்தேன். ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்-டி50 (2024), எக்ஸ்-இ5 (2025) இரண்டும் 450 கிராமுக்குள் 40 மெகாபிக்சலும் பாடி ஸ்டெபிலைசேஷனும் தருகின்றன. டயல்களைத் திருப்பி எடுக்கும் சுகமும், கேமராவிலிருந்தே நேராக வரும் நிறமும் பிடித்தவர்களுக்கு அது தனி ஈர்ப்பு. எடிட் செய்யவே பிடிக்காதவர் என்றால் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) மாறுவதைப் பற்றி நானே யோசிக்கச் சொல்வேன். கேனான் ஆர்8 461 கிராமில் ஃபுல் ஃபிரேம், ஆனால் பாடி ஸ்டெபிலைசேஷன் கிடையாது, பேட்டரி திரையில் 290 படம்தான். பேனசோனிக் எஸ்9-இல் வியூஃபைண்டரும் இல்லை, மெக்கானிக்கல் ஷட்டரும் இல்லை. புகைப்படக்காரருக்கு அது சரிவராது. மழையிலும் மலையிலும் நடப்பவர் ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-5-ஐப் பார்க்கலாம். 414 கிராம், தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும் ஐபி53 தரச் சான்று, லென்ஸ்களும் சின்னவை. சென்சார் ஏபிஎஸ்-சி-யைவிடச் சிறியது என்பதை ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும்.

இவற்றில் எதற்கு மாறினாலும் இருக்கும் லென்ஸ்களை விற்றுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல லென்ஸ் ஒன்றை இப்போது வாங்கி ஏ6400-இல் போட்டால், நாளைக்கு ஏ6700-க்குப் போனாலும் அது கூடவே வரும். அதனால்தான் வாங்கும் வரிசையில் லென்ஸை முதலில் வைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால் வாடகைக்கோ நண்பரிடமோ கேமராவை வாங்கி ஒரு வார இறுதிக்கு வைத்துப் பாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. கூடவே வரும் குட்டி லென்ஸை மாட்டாமல், நீங்கள் கடைசியில் எந்த லென்ஸோடு அதைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதை மாட்டுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் வியூஃபைண்டரின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பகல் வெயிலில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும், அதனால் விளக்கு போட்ட பிறகு வீட்டுக்குள் எடுங்கள். பழைய கேமராவையும் பக்கத்திலேயே வைத்து அதே காட்சியை அதே ஷட்டர் வேகத்தில் எடுங்கள். இரண்டு படங்களையும் கணினியில் திறந்து, எது எந்தக் கேமரா என்று பெயரைப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தப் பணத்தை லென்ஸில் போடலாம்.